ஒட்டுப் போர்வை போல அச்சிட்ட துணியைப் பயன்படுத்தும் முறைகள்

மட்டக்களப்பு நகரிலோ காத்தான்குடியிலோ கல்முனையிலோ புடவைக் கடைகளில் ஏறி இறங்குபவர்கள் ஒருவகைத் துணியைக் கண்டிருப்பார்கள். பூப்போட்ட துண்டு, கோடு போட்ட துண்டு, புள்ளி வைத்த துண்டு எனப் பலவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டிச் சேர்த்துத் தைத்தது போல அது தோன்றும். கையில் எடுத்துத் தடவினால் மூட்டுத் தட்டுப்படாது. துண்டுகளும் அவற்றின் இடையே ஓடும் தையலும் ஒரே சீத்தைத் துணியின்மேல் அச்சிடப்பட்டவை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 19ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய துணி விற்பனைக்கு வந்துவிட்டது. ஒட்டுப் போர்வை தைப்பவர்கள் அதற்குச் 'சீட்டர்' துணி, அதாவது ஏமாற்றுத் துணி, என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எனக்கு உடன்பாடானதல்ல. நூறு துண்டுகளை வெட்டிச் சேர்க்க நேரமில்லாத ஒரு பெண், பிள்ளைக்கு ஒரு போர்வையை ஒரு வாரத்துக்குள் தைத்து முடிக்க இந்தத் துணி இடமளிக்கிறது. அதன் இயல்பை அறிந்து வெட்டினால் அது நன்றாகவே உழைக்கும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நிறத்தையோ பூவையோ அல்ல, அச்சுக் கோடு துணியின் இழையோடு ஒத்துப் போகிறதா என்பதையே. நெய்த துணியில் நீளவாக்கில் பாவும் குறுக்குவாக்கில் ஊடையும் ஓடுகின்றன. சாதாரணப் பூ அச்சில் படம் சற்றுச் சாய்ந்திருந்தாலும் ஒருவருக்கும் தெரியாது. சதுரக் கட்டங்கள் வரிசையாக நிற்கும் இந்த அச்சிலோ சிறு சாய்வும் கண்ணை உறுத்தும். இதை நான் ஒரு மேசை விரிப்பில் கற்றுக்கொண்டேன். அச்சுக் கோட்டை நம்பி அதன்மேலேயே கத்தரிக்கோலை ஓட்டி, நான்கு பக்கமும் மடித்து அடித்து, மேசையில் விரித்தபோது விரிப்பு நூல் பிடித்தது போல நேராக இருந்தது. முதல் சலவைக்குப் பிறகு எதிரெதிரான இரண்டு மூலைகள் கீழே தொங்கின, மற்ற இரண்டும் மேலே ஏறிக்கொண்டன. துணியை இழுத்துப் பிடித்த நிலையில் அச்சு விழுந்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் இழைகள் தமது இயல்பான இடத்துக்குத் திரும்ப, அச்சுக் கட்டங்களும் அவற்றோடு சாய்ந்துவிட்டன. எத்தனை முறை அயன் செய்தும் அது நேராகவில்லை.

கடையிலேயே இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. நமது கடைக்காரர்கள் பருத்தித் துணியைப் பெரும்பாலும் கரையில் சிறிது வெட்டிவிட்டுக் கையால் கிழித்தே கொடுப்பார்கள். ஆகவே, முந்திய வாடிக்கையாளருக்குக் கிழித்துக் கொடுத்தபின் சுருளில் எஞ்சியிருக்கும் விளிம்பு, ஊடை இழை ஒன்றின் வழியே கிழிந்த விளிம்பாகும். அந்த விளிம்பிலிருந்து அதற்கு அருகிலுள்ள அச்சுக் கோடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை இடக்கரையில் ஒருமுறையும் வலக்கரையில் ஒருமுறையும் அளந்து பாருங்கள். 45 அங்குல அகலத்தில் வேறுபாடு அரை அங்குலத்துக்குள் இருந்தால் அந்தத் துணியை எதற்கும் பயன்படுத்தலாம். ஓர் அங்குலம் அளவுக்கு வந்தால் பை, மெத்தைத் தலையணை உறை, பிடிதுணி போன்ற சிறிய பொருட்களுக்கு மட்டும் வாங்குங்கள். இரண்டு அங்குலத்தைத் தாண்டினால், நிறம் எவ்வளவு பிடித்திருந்தாலும், துணியைச் சுருளோடு விட்டுவிட்டு வருவதே நல்லது.

அடுத்தது நூலின் தன்மை. ஒரே அச்சு பருத்தியிலும் வரும், பொலியெஸ்டரிலும் வரும். வீட்டில் ஏற்கெனவே உள்ள துணியில் சந்தேகம் இருந்தால் ஓர் இழையை உருவி, தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் பிடித்து நெருப்புக் காட்டுங்கள். பருத்தி இழை கடதாசி எரிவது போன்ற மணத்தோடு எரிந்து பொடிச் சாம்பலாகும். பொலியெஸ்டர் இழை உருகிச் சுருண்டு கடினமான மணியாகும். நமது ஊர் வெக்கைக்கு உடலில் படும் எதற்கும் பருத்தியே ஏற்றது. அடுப்படிப் பொருட்களுக்குப் பருத்தி தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் உருகும் துணி கையில் ஒட்டிச் சுட்டுவிடும். சாயம் நிற்குமா என்பதை அறிய, நனைத்த வெள்ளைத் துணியால் சிவப்பு, கடும் நீலம் ஆகிய கட்டங்களை அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், அந்தத் துணியை வெளிர் நிறத் துணிகளோடு சேர்த்துத் தைக்க வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் வெட்டுவதற்கு முன் துவைத்தே ஆகவேண்டும். பருத்தித் துணி முதல் சலவையில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்கக்கூடும். ஒரு யார் துணியில் ஓர் அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடலாம். வெறுந் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் பிழிந்து, மறுபுறம் வெளியே தெரியும்படி நிழலில் உலர்த்துங்கள். சற்று ஈரம் இருக்கும்போதே குறுகிப்போன மூலைகள் இரண்டையும் பிடித்து மெல்ல இழுத்தால் சிறிய சாய்வு நேராகிவிடும். பிறகு அயன் செய்துவிட்டு வெட்டலாம்.

இந்தத் துணிக்கு மிகவும் பொருத்தமான பயன் மெல்லிய போர்வைதான் என்பது என் முடிவு. ஆகவே அதையே விரிவாகச் சொல்கிறேன். குளிர் நாடுகளில் ஒட்டுப் போர்வைக்கு மூன்று அடுக்கு வைப்பார்கள்: மேலே அலங்காரத் துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே வெற்றுத் துணி. பஞ்சு விரிப்பு வைத்த போர்வை கல்லடியிலோ அக்கரைப்பற்றிலோ மார்கழி மழையிலும் கூடுதலான சூடு தரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதைத் தொடவே மனம் வராது. அதற்குப் பதிலாகப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் பழைய பருத்திச் சேலை ஒன்றை நடு அடுக்காக வையுங்கள். மருதமுனைக் கைத்தறிச் சேலை பல ஆண்டுகள் உடுத்தித் துவைத்துப் பஞ்சு போல மென்மையாகிவிட்டிருந்தால், அதைவிடச் சிறந்த நடு அடுக்கு கிடைக்காது. அடிப்புறத்துக்கும் அதே சேலையின் கிழியாத பகுதியை எடுத்துக்கொள்ளலாம், அல்லது நிறம் மங்காத பழைய சாரத்தைப் பயன்படுத்தலாம். அம்மம்மாவின் சேலை இந்த வகையில் பேரப்பிள்ளையின் போர்வைக்குள் போய்ச் சேர்ந்த வீடுகள் சில எனக்குத் தெரியும்.

பிள்ளைக்குரிய அளவில் ஒரு போர்வைக்கு, 45 அங்குல அகலத் துணியில் ஒன்றேகால் யார் வாங்குங்கள். துவைத்து நேராக்கியபின் ஏறத்தாழ 36 அங்குலத்துக்கு 42 அங்குலம் கொண்ட மேல்துணியை எடுத்துக்கொள்ள முடியும். மீதி எஞ்சும் கீற்றைத் தூக்கி எறிய வேண்டாம், அதற்கான வேலை பின்னால் வருகிறது. நடுத்துணியையும் அடித்துணியையும் நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக வெட்டுங்கள். தரையைத் துடைத்து, அடித்துணியை மறுபுறம் மேலே தெரியும்படி விரித்து, மூலைகளைத் தரையில் ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டு, அதன்மேல் சேலையையும் அதற்கும் மேல் அச்சுத் துணியையும் சுருக்கமின்றிப் பரப்புங்கள். இழுத்து விறைப்பாக்கக் கூடாது, உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தடவிவிட்டால் போதும். பின்னர் பெரிய ஊசியும் வேறு நிற நூலும் கொண்டு, நான்கு அங்குலத்துக்கு ஒரு வரிசையாக நீளமான தற்காலிகத் தையல் போட்டு மூன்று அடுக்கையும் பிணையுங்கள். அலுப்பான இந்த வேலையைப் பலர் தவிர்க்கப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் இயந்திரத்தின் காலடியில் மேல்துணி முன்னே தள்ளப்பட்டுக் கடைசியில் ஒரு பெரும் மடிப்பு விழும். பிரிப்பதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.

இனி நிரந்தரத் தையல். உண்மையான ஒட்டுவேலையில் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் சிறு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் ஓடும் தையல் நூல் அதற்குள் புதைந்து மறைந்துவிடும், கை சற்று விலகினாலும் தெரியாது. அச்சுத் துணியில் அப்படி மறைக்கும் பள்ளம் ஏதும் இல்லை. அச்சுக் கோட்டின்மேலேயே தைக்க முயன்றால், ஒரு மில்லிமீற்றர் விலகலும் இரட்டைக் கோடாகத் தெரியும். இதற்குத் தீர்வு இரண்டு. கைத்திறன் உறுதியாக உள்ளவர்கள், துணியில் அதிகமாக உள்ள வெளிர் நிறத்துக்கு ஒத்த நூலைக் கோத்துக் கோட்டின்மேலேயே ஓட்டலாம், நூல் நிறம் துணியோடு கலந்துவிடும். மற்றவர்கள் கோட்டிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சிறு கட்டம் வரைவது போல நூலோட்டுத் தையலைக் கையால் போடலாம். நான் பரிந்துரைப்பது இரண்டாவதைத்தான். தையல் விழுந்த இடம் தாழ்ந்து கட்டத்தின் நடுப்பகுதி சற்று மேலெழும்போது, தட்டையாக இருந்த துணிக்குத் திடீரென்று உடல் வந்தது போலாகிவிடும். பின்னேரச் சாய்வெயிலில் அதைப் பிடித்துப் பார்த்தால், ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் மெல்லிய நிழல் விழுவதைக் காணலாம். சில அச்சுகளில் தையல் போன்ற சிறு கோடுகளும் சேர்த்தே அச்சிடப்பட்டிருக்கும். அப்படியானால் அந்தப் போலித் தையலின்மேல் தைக்காமல் அதைவிட்டு விலகியே தையுங்கள், இல்லாவிடில் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

எல்லாக் கட்டத்தையும் தைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நடு அடுக்கு நெய்த சேலை என்பதால் அது பஞ்சைப் போல உள்ளே நழுவிக் கட்டியாகாது. ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் இடையில் நான்கு, ஐந்து அங்குல இடைவெளி இருக்கலாம். எப்போதும் நடுவில் தொடங்கி ஓரம் நோக்கிச் செல்லுங்கள். இயந்திரத்தில் தைப்பவர்கள் 14ஆம் இலக்க ஊசியைப் பூட்டித் தையலைச் சற்று நீளமாக்க வேண்டும். புதிய இயந்திரங்களில் அது 3 மில்லிமீற்றர். தையல் நீளத்தை அங்குலக் கணக்கில் காட்டும் பழைய கைமெசின்களிலும் கால்மெசின்களிலும் அங்குலத்துக்கு 8 தையல் என்ற அளவு அதற்கு ஏறத்தாழ ஒத்துவரும். அழுத்துகாலின் மேலுள்ள திருகைச் சிறிது தளர்த்தினால் அடுக்குகள் மூன்றும் ஒன்றாக நகரும்.

ஓரத்தை அச்சுத் துணியாலேயே மூடாமல், அதிலுள்ள நிறங்களில் ஒன்றை எடுத்து அந்த நிறத்தில் வெற்றுத் துணியால் மூடுவது அழகு. கட்டங்கள் நிறைந்த நடுப்பகுதிக்கு அமைதியான ஒரு சட்டம் கிடைத்தாற்போல இருக்கும். இரண்டரை அங்குல அகலத்தில், துணியின் முழு அகலத்துக்கும் நான்கு கீற்றுகள் வெட்டி ஒன்றோடொன்று சேர்த்தால் இந்த அளவுப் போர்வைக்குப் போதும். அதற்கு மூன்றில் ஒரு யார் வெற்றுத் துணி வாங்குங்கள். கீற்றை நீளவாக்கில் இரண்டாக மடித்து அயன் செய்து, மேற்புறத்தில் இயந்திரத்தால் தைத்து, அடிப்புறத்துக்குத் திருப்பி, நூல் வெளியே தெரியாத ஒளிதையலைக் கையால் போடுங்கள். கைத்தறித் துணியில் ஓரம் வைக்க விரும்புபவர்கள் அதையும் முன்கூட்டியே துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு துணியும் வெவ்வேறு அளவில் சுருங்கினால் போர்வையின் ஓரம் அலையலையாக நிற்கும்.

ஒரு வேண்டுகோள்: ஒரு வயது நிறையாத குழந்தையை இத்தகைய போர்வையால் மூடித் தூங்க வைக்காதீர்கள், ஏணையிலும் குழந்தையின் முகத்தருகே அதைப் போட்டு வைக்காதீர்கள். துணி முகத்தில் விழுந்தால் அந்த வயதில் அதை விலக்கிக்கொள்ளத் தெரியாது. விழித்திருக்கும் குழந்தை, பெரியவர்கள் பார்த்திருக்க, பன்பாயின்மேல் குப்புறப் படுத்து விளையாட அதை விரித்துக் கொடுங்கள். கட்டங்களில் மாறி மாறி வரும் நிறங்களைக் கையால் தட்டிக்கொண்டு குழந்தை நெடுநேரம் கிடக்கும்.

மெத்தைத் தலையணை உறைக்கு இந்தத் துணி எடுத்தவுடன் பலன் தரும். 16 அங்குலத் தலையணைக்கு முன்புறம் 17 அங்குலச் சதுரம் ஒன்றும், பின்புறத்துக்கு 17 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்ட துண்டுகள் இரண்டும் வேண்டும். பின்துண்டுகள் ஒவ்வொன்றிலும் ஒரு நீளப் பக்கத்தை ஓர் அங்குலம் உள்ளே மடித்து அடித்துவிட்டு, இரண்டும் நடுவில் ஐந்து அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி முன்துண்டின்மேல் வைத்து, அரை அங்குலம் விட்டுச் சுற்றிலும் தைத்துத் திருப்பினால் உறை தயார். சிப் தேவையில்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே: அச்சுக் கட்டம் ஒன்று அல்லது நான்கு கட்டங்கள் கூடும் புள்ளி, சதுரத்தின் சரி நடுவில் வரவேண்டும். அப்படி வைக்கும்போது துணி சற்று வீணாகும். அதற்காக மனம் தளர்ந்து ஓரத்தில் பாதிக் கட்டங்கள் தொங்க வெட்டினால், மிஞ்சிய துணியில் தைத்த உறை என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். பல உறைகளை ஒரே மாதிரி தைக்க வேண்டுமானால், கடையிலேயே ஒரு கட்டத்தொகுதி எத்தனை அங்குலத்தில் மீண்டும் வருகிறது என்பதை அளந்து, தேவைக்கு மேலாக அந்த அளவு ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள்.

அடுப்படியில் சூடான கேத்தலையும் சட்டியையும் பிடிக்க 8 அங்குலச் சதுரப் பிடிதுணிகள் தைக்கலாம். உள்ளே பழைய பருத்தித் துவாய் இரண்டு அடுக்கு வைத்து, அச்சுக் கட்டங்களின் வழியே குறுக்கும் நெடுக்கும் தைத்து, ஒரு மூலையில் தொங்கவிட வளையம் வையுங்கள். ஈரத் துணி சூட்டை உடனே கைக்குக் கடத்திவிடும் என்பதால், நனைந்த பிடிதுணியை எவரும் எடுக்காதபடி இரண்டு மூன்று தைத்து வைப்பது நல்லது. சந்தைப் பைக்கும் இதே முறைதான். அச்சுத் துணியும் உள்துணியும் சேர்ந்து இரண்டு அடுக்காகத் தைத்து, கைப்பிடி தொடங்கும் இடத்தில் சதுரமாகவும் அதற்குள் குறுக்காகவும் தையல் போட்டு உறுதிப்படுத்துங்கள்.

திரைச்சீலைக்கு நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது, மூட்டுகளே இல்லாத தட்டைத் துணி என்பது முழுவதுமாக வெளிப்பட்டுவிடும். கிழக்குப் பார்த்த சன்னலாக இருந்தால், கடற்பக்கத்துக் காலை வெயில் சில மாதங்களில் நிறத்தை வெளுக்கச் செய்யும். தைத்தே ஆகவேண்டும் என்றால் வெள்ளைப் பருத்தி உள்துணி கொடுத்துத் தையுங்கள். ஆடைகளிலும் அளவறிந்து பயன்படுத்த வேண்டும். பெரியவர்களின் முழுச் சட்டைக்கு இந்த அச்சுக் கட்டங்கள் கூட்டமாக நிற்கும். சிறு பெண்பிள்ளையின் சட்டையில் மார்புப் பட்டிக்கும் பாவாடையின் அடிக்கரைக்கும் வெளிப் பைக்கும் மட்டும் வைத்து, மீதியை வெற்றுத் துணியில் தைத்தால் அதுவே போதுமான அலங்காரம். பைக்கு எடுக்கும் துண்டில் ஒரு முழுக் கட்டம் வரட்டும்.

தையல் பழகும் பிள்ளைகளுக்கு இது நல்ல பயிற்சித் துணி. வெற்றுத் துணியில் சோக்கினால் கோடு போட்டுக் கொடுத்தால், தைத்து முடிப்பதற்குள் கோடு அழிந்துவிடும். இங்கே கோடு அழியாமல் நிற்பதால், நூலோட்டுத் தையலையும் பின்தையலையும் சம இடைவெளியில் போடக் கை தானாகப் பழகும்.

மழைக்காலத்தில் ஒரு சொல். நவம்பரில் தொடங்கித் தை மாதம் வரையில் மூன்று அடுக்குப் பொருட்களைத் துவைக்க அவசரப்பட வேண்டாம். மேலே உலர்ந்தது போல இருந்தாலும் நடுச்சேலை ஈரமாகவே இருந்து பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரியில் வைக்கும் முன் ஒரு நாள் முழுவதும் காற்றாடப் போட்டு, மடிப்புகளை மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் அந்தக் கோட்டில் அச்சு வெளுக்கும்.

கடைசியாக, முன்பு எடுத்து வைக்கச் சொன்ன கீற்று. அதை அச்சுக் கோடுகளின் வழியே வெட்டுங்கள். கட்டம் 3 அங்குலமாக இருந்தால், கால் அங்குலத் தையல் விட்டுச் சேர்க்கும்போது ஒவ்வொரு துண்டும் இரண்டரை அங்குலமாக முடியும். கட்டத்தின் ஓரத்தில் உள்ள பூ வேலை தையலுக்குள் போய்விடுமோ என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். போய்விடும் என்றால் கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் தள்ளி வெட்டுங்கள். அப்போது பக்கத்துக் கட்டங்கள் குறைபட்டு வேறு சிறு வேலைகளுக்கே உதவும். இந்தச் சிறு சதுரங்களை வீட்டிலுள்ள வெற்றுத் துணித் துண்டுகளோடு ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி அடுக்கி, முதலில் வரிசைகளாகவும் பிறகு வரிசைகளை ஒன்றோடொன்று சேர்த்தும் தைத்து, ஒவ்வொரு மூட்டையும் பின்புறத்தில் ஒரே பக்கம் சாய்த்து அயன் செய்யுங்கள். போர்வைக்குப் பொருத்தமான சிறு தலையணைக்கு முன்புறம் கிடைத்துவிடும். இம்முறை விரலால் தடவினால் மூட்டு தட்டுப்படும்.